நாற்காலியை எடுத்தார்கள்!

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அதன் தலைநகர் மாண்ட்கமரி. 1962-ஆம் ஆண்டு, அந்த நகரத்தின் பொது நூலகத்துக்குள் நுழைந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். ஏடுகள் இருந்தன, அடுக்கடுக்காக. எடுத்துத் தருவதற்கு ஆட்களும் இருந்தனர். ஆனால் உட்காருவதற்கு ஒரு நாற்காலிகூட இல்லை! வந்தவர்கள் நின்றனர், நின்றவாறே ஏட்டைப் புரட்டினர், கால் கடுத்ததும் கிளம்பினர்.

நாற்காலிகள் எங்கே? பழுது பார்க்கத் தச்சுப் பட்டறைக்குப் போயினவா? நகராட்சியின் கருவூலம் வற்றிவிட்டதா? இரண்டும் இல்லை. நாற்காலிகள் நல்ல நிலையில்தான் இருந்தன. வெள்ளையர் மட்டும் அவற்றில் அமர்ந்து படித்த காலம்வரை அவற்றுக்கு ஒரு கேடும் வரவில்லை. கறுப்பின இளைஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நகரத்து நூலகம் நகர மக்கள் அனைவருக்கும் உரியது, நிறம் பார்த்து எவரையும் தடுக்கலாகாது என்று கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தீர்ப்பளித்தார். தீர்ப்பை மீறத் துணிவில்லை, மதிக்கவோ மனமில்லை. நகரப் பெரியவர்கள் மண்டையைக் குடைந்து கொண்டனர். வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் கறுப்பர் வீட்டுப் பையன் உட்காருவதா? உட்காராதே என்று சொன்னால்தானே சட்டம் குறுக்கே வரும். உட்காரும் பலகையையே எடுத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? எடுத்தார்கள்! வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரம் இதே தந்திரத்தை 1960-லேயே செய்து காட்டியிருந்தது.

அடுத்தவன் அமரக்கூடாது என்பதற்காகத் தாமும் நின்றுகொண்டே படிக்க ஒப்பிய பெருமக்கள்! நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நாற்காலியைக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். பெரும்பாலும் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக் கொண்டிருந்த பிள்ளைகள். மீசை அரும்பாத வயதினர். நூலகத்தில் சிறுவனுக்கு ஒரு நாற்காலி என்பது, உலகம் நினைப்பதுபோல் தானாகக் கிடைத்த ஒன்று அல்ல. இரண்டு சுவர்கள் அதற்குக் குறுக்கே நின்றன. ஒன்று வயது, மற்றொன்று நிறம்.

வயதுச் சுவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் பொது நூலகங்கள் எழுந்தபோது, அவை பெரியவர்களுக்காகவே எழுந்தன. பல ஊர்களில் 12 வயது நிரம்பாதவன், சில ஊர்களில் 14 நிரம்பாதவன், வாயிற்படியோடு திரும்ப வேண்டியதுதான். குழந்தை ஏட்டைக் கிழிக்கும், கறை படுத்தும், கூச்சலிடும், ஆகவே வெளியே நிற்கட்டும்! மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புருக்லைன் நகரம் 1890-இல் கொஞ்சம் மனமிரங்கிச் சிறுவர்களுக்கென்று ஒரு படிப்பறை ஒதுக்கியது. எங்கே? நிலவறையில்!

1894-இல் மில்வாக்கி நகர நூலகத்தைச் சேர்ந்த லூட்டி ஸ்டெர்ன்ஸ் என்னும் அம்மையார், அமெரிக்க நூலகர் மாநாட்டில் ஓர் அறிக்கை படித்தார். வயது வரம்பை ஒழியுங்கள், சிறுவர்க்குத் தனி அறை தாருங்கள், அவர்களைப் புரிந்துகொள்ளக் கூடியவர்களை அங்கே அமர்த்துங்கள் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டில், நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில், பிராட் பயிலகத்தின் நூலகக் கட்டடம் எழுந்தபோது, குழந்தைகளுக்கென்றே வரைபடத்தில் இடம் ஒதுக்கிக் கட்டப்பட்ட அறை அதில் இருந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆன் கரோல் மூர். பின்னர் 1906-இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணி முழுவதற்கும் அவரே தலைவரானார்.

அவர் செய்தவற்றைக் கேளுங்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்குகள். குழந்தையின் கால் தரையில் படும் உயரத்தில் நாற்காலிகள். 'பேசாதே' என்று மிரட்டும் பலகைகளை எடுத்தெறிந்தார். கதை சொல்லும் நேரம் வகுத்தார். கறுப்பு அட்டை போட்ட ஏடு ஒன்றை வைத்தார். நூலைப் பேணுவேன், விதிகளை மதிப்பேன் என்று அதில் உறுதி எழுதியிருக்கும். தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த குழந்தை எதுவானாலும் அதில் கையெழுத்திட்டு நூல் எடுத்துச் செல்லலாம். அகவை ஐந்தானால் என்ன, ஏழானால் என்ன! கப்பலிலிருந்து இறங்கி ஆங்கிலம் திருந்தாத நாக்கோடு அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு, உன் கையெழுத்தை நம்புகிறேன் என்று அந்நாட்டில் முதலில் சொன்னது, பலருக்கு, அந்தக் கறுப்பு ஏடுதான்.

இவ்வாறு ஒரு சுவர் சரிந்தது. அது சரியத் தொடங்கிய அதே 1896-இல் மற்றொரு சுவருக்கு மேற்பூச்சு நடந்தது. அந்த ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ப்ளெசி என்பாரின் வழக்கில், கறுப்பரைத் தனியே ஒதுக்கி வைப்பது சட்டப்படி சரியே, வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று கூறிற்று. தனி, ஆனால் சமம்! இரயில் பெட்டி பற்றிய வழக்கு அது. ஆனால் பள்ளிக்கும், பூங்காவுக்கும், குடிநீர்க் குழாய்க்கும், நூலகத்துக்கும் அதுவே வேதமாயிற்று.

கறுப்பருக்கும் எழுத்துக்கும் இடையே போடப்பட்ட வேலி மிகப் பழையது. அடிமைக்கு எழுதக் கற்பித்தால் தண்டம் என்று தென் கரோலினா 1740-லேயே சட்டம் செய்தது. 1831-இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, தென் மாநிலங்கள் பல அந்த வேலியை மேலும் இறுக்கின. படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்பதை எசமானர்கள் நன்றாக அறிந்திருந்தனர். காதால் கேட்டாலே குற்றம் என்று விதி எழுதி வைத்திருந்த நாட்டவராகிய நமக்கு இது புரியாத செய்தியன்று.

அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. எழுத்துப் பசி பொங்கி எழுந்தது. அந்தப் பசிக்கு நூலகம் எங்கே? இந்த இடத்தில் ஆண்ட்ரூ கார்னகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஏழை நெசவாளி மகன். தந்தி அலுவலகத்தில் ஏவல் சிறுவன். ஆண்டர்சன் என்னும் கனவான் தம் வீட்டு நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் தந்து வந்தார். பின்னர் அந்த நூலகம் வேறொரு கட்டடத்துக்கு மாறியது. தொழில் பழகுவோர் அல்லாத சிறுவர் இரண்டு டாலர் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். சிறுவன் கார்னகி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிச் சண்டையிட்டு வென்றான். அந்தச் சிறுவன் எஃகுக் கோமான் ஆனான். உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் தந்தான். தன் ஆலையில் 1892-இல் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர் மீது துப்பாக்கி ஏந்திய கூலிப்படை ஏவப்பட்டதும் இதே கோமானின் காலத்தில்தான். கொடையைச் சொல்லும்போது அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே பேரேட்டில் உள்ள கணக்கு.

கார்னகியின் பணத்தில் அட்லாண்டா நகரில் 1902-இல் அழகிய நூலகம் திறக்கப்பட்டது. அப்போது அங்கே பேராசிரியராக இருந்த அறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ், கறுப்பர் குழு ஒன்றுடன் நிர்வாகிகளைச் சந்தித்து, எங்களுக்கும் இடம் தாருங்கள் என்று கேட்டார். இல்லை என்றனர். கறுப்பருக்கென்று ஒரு சிறு கிளை அந்நகரில் திறக்கப்பட்டது 1921-இல். அன்று 8 வயதில் கதைப் புத்தகம் கேட்ட பிள்ளைக்கு அப்போது வயது 27!

எண்ணிப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். வரி, வாக்கு, ஊதியம் ஆகியவை பற்றிய உரிமைகள் காலம் கடந்து வந்தாலும் வந்த நாள்முதல் பயன்படும். குழந்தைக்குரிய ஏடு அப்படியன்று. நீதி வரட்டும் என்று குழந்தைப் பருவம் காத்திருக்காது. பத்து வயதில் கிடைக்காத கதையை முப்பது வயதில் கையில் கொடுத்தால் அது பழைய காகிதம்.

இதை உணர்ந்த ஊர் ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம். கறுப்பர் உயர்பள்ளியின் தலைமையாசிரியர் ஆல்பர்ட் மீசீக், நகர நூலக நிர்வாகத்திடம் சென்று வாதாடினார். அதன் விளைவாக 1905 செப்டம்பரில், செஸ்ட்நட் தெருவில் ஒரு வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்குப் பிடித்து, 'மேற்குக் கறுப்பர் கிளை' என்று பெயரிட்டுத் திறந்தனர். தலைமை ஏற்றவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ. அவருடைய தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்தவர்கள். அவருக்குத் துணையாகக் குழந்தைகளின் பகுதியைக் கவனித்தவர் ரேச்சல் ஹாரிஸ் என்னும் பள்ளி ஆசிரியை. மூன்றாண்டு கழித்து, 1908-இல், கார்னகியின் பொருளுதவியோடு சொந்தக் கட்டடம் எழுந்தது. முழுப் பொறுப்பையும் கறுப்பர்களே ஏற்று நடத்திய பொது நூலகக் கிளை அந்நாட்டில் அதுவே முதல்.

மூன்று அறை வீடு! அதில் தொடங்கி அவர்கள் செய்ததைப் பார்த்தால், பளிங்கு மாளிகையில் இருந்தவர்கள் வெட்கப்பட வேண்டும். ஹாரிஸ் அம்மையார் கதைநேரம் நடத்தினார். சின்னஞ்சிறுவர் சுற்றி அமர்ந்தனர். நூலகத்துக்கு வர முடியாத பிள்ளைகளின் வகுப்பறைகளுக்கே நூற்பெட்டிகள் சென்றன. அடித்தளத்தில் இருந்த கூடமும் வகுப்பறைகளும் ஊர்க் கூட்டங்களுக்கும் மன்றங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. கறுப்பர் ஒன்றுகூடிப் பேச அந்த நகரத்தில் வேறு பொதுக்கூடம் எளிதில் கிடைக்காத காலம் அது. உயர்பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு சொற்போர் மன்றம் அமைந்தது. அதற்கு ஃபிரெடரிக் டக்ளஸ் பெயர். தெருவில் தன்னோடு விளையாடும் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து, அதற்கு விலையாக எழுத்துக் கற்றுக்கொண்ட அடிமைச் சிறுவன்தான் அந்த டக்ளஸ். பிற்காலத்தில் நாடே செவிமடுத்த நாவலர். அவர் பெயர் சூட்டிய மன்றத்தில் பதினாறு வயது இளைஞர்கள் எழுந்து நின்று, அவை நடைமுறை பிறழாமல், நாட்டு நடப்பைப் பற்றி வாதிட்டனர். ஏடு படித்தவன் வாய் திறக்க வேண்டும் அல்லவா? வாய் திறக்க இடம் தந்தது நூலகம்.

ஜோசப் காட்டர் என்னும் பெரியவரையும் இங்கே நினைக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கந்தை பொறுக்கினார், செங்கற் சூளையில் உழைத்தார், புகையிலைக் கிடங்கில் பாடுபட்டார், பரிசுக்குக் குத்துச்சண்டையும் போட்டார். 22 வயதில் இரவுப் பள்ளியில் சேர்ந்து மீண்டும் படித்தார், ஆசிரியரானார், தலைமையாசிரியரானார், கவிஞருமானார். அவர் அந்த நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி ஒன்றை ஏற்படுத்தி, வெற்றி பெறும் பிள்ளைக்குக் கிண்ணம் வழங்கச் செய்தார். போட்டி பிள்ளைகளுக்குள், கதையைப் படித்து, மனத்தில் பதித்து, ஊரார் முன் நின்று சொல்வது அவர்கள். கந்தை பொறுக்கிய கை கிண்ணம் வழங்கிய கையாயிற்று. அந்தப் பழக்கம் வேறு நகரங்களுக்கும் பரவியது.

புளூ இன்னொன்றும் செய்தார். என் கருத்தில் இதுவே அவரது பெருஞ்செயல். கறுப்பர் எவரும் தென்னகத்தில் நூலகப் பயிற்சி பெற வழியில்லை. பயிற்சிப் பள்ளிகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே தம் கிளையிலேயே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஹூஸ்டன், பர்மிங்காம் போன்ற தென்னக நகரங்களில் கறுப்பருக்கான கிளைகள் தோன்றியபோது, அவற்றை நடத்தச் சென்றவர்களில் பலர் லூயிவில்லில் புளூவிடம் பழகியவர்கள். ஒரு சிறு விளக்கிலிருந்து பல விளக்கு ஏற்றினார்.

இருந்தும், ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அந்த விளக்கு எரிந்த இடம் எது? ஒதுக்கி வைத்த மூலை. நகரத்தின் பெரிய நூலகத்துக்குள் புளூவின் மாணவன் நுழைந்து ஏடு கேட்க முடியாது. தனிக் கிளையை அழகுபடுத்தியதால், தனிமைப்படுத்தியவர்களின் வேலையைப் புளூ எளிதாக்கிவிட்டாரா? உங்களுக்குத்தான் தனியே இருக்கிறதே, அங்கே போங்கள் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பளித்தாரா? இப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது.

நூலகம் மறுக்கப்பட்ட பிள்ளை என்ன ஆவான் என்பதற்கு மெம்பிஸ் நகரத்து ரிச்சர்டு ரைட் சான்று. 1927-ஐ ஒட்டிய காலம்; வயது இருபதை எட்டவில்லை; கண்ணாடிக் கடை ஒன்றில் ஏவலாள். நகர நூலகம் வெள்ளையருக்கு மட்டும். உடன் வேலை பார்த்த வெள்ளையர் ஒருவரிடம் உறுப்பினர் அட்டையை இரவல் வாங்கினான். அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டைத் தானே எழுதினான். கறுப்பனை இழிவாகக் குறிக்கும் சொல்லை அதில் தன் கையாலேயே எழுதினான், சந்தேகம் வரக்கூடாதே என்று! நீயா படிக்கப் போகிறாய் என்று நூலகத்து அம்மையார் கேட்டபோது, எனக்குப் படிக்கத் தெரியாதம்மா என்றான். படிப்பதற்காக, படிக்கத் தெரியாதவன் என்று பொய் சொன்னான்! அந்த இளைஞன்தான் பின்னாளில் தன் வரலாற்றை எழுதி 1945-இல் வெளியிட்டு, அமெரிக்காவின் மனச்சான்றைக் கிள்ளிய எழுத்தாளன்.

ரைட் மறைந்து பெற்றதை, வெளிச்சத்தில் நின்று கேட்டார் சாமுவேல் டக்கர். வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரத்தவர், வயது 26, வழக்கறிஞர். அவர் வீட்டுக்கு அருகிலேயே புதிய பொது நூலகம்; கறுப்பருக்கு இடமில்லை. 1939 ஆகஸ்டு 21-ஆம் நாள் அவர் ஏற்பாட்டின்படி ஐந்து இளைஞர்கள் புறப்பட்டனர். நன்றாக உடுத்திச் செல்லுங்கள், பணிவாகப் பேசுங்கள், சத்தம் போடாதீர்கள் என்பது அவருடைய அறிவுரை. ஒருவர்பின் ஒருவராக நுழைந்தனர். உறுப்பினர் அட்டை கேட்டார் முதலாமவர், மறுத்தனர். அடுக்கிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து, நாற்காலியில் அமர்ந்து, படிக்கத் தொடங்கினார். அடுத்தவரும் அவ்வாறே, அடுத்தவரும். ஐந்து மேசையில் ஐந்து பேர், வாய் பேசவில்லை, ஏட்டைப் புரட்டும் ஓசை மட்டும். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நடப்பதைப் பார்த்து ஓடிவந்து டக்கருக்குச் செய்தி சொல்லிக் கொண்டிருந்தான். காவலர் வந்தனர், கைது செய்தனர். குற்றம் என்ன தெரியுமா? ஒழுங்கீனம்! நூலகத்தில் அமைதியாக அமர்ந்து படித்த ஒழுங்கீனம்!

உணவு விடுதிகளில் அமர்ந்து மாணவர்கள் போராடி உலகின் பார்வையை ஈர்த்தது 1960-இல். அதற்கு 21 ஆண்டு முன்பே இங்கே அமர்ந்துவிட்டனர்.

நகரத்தார் அவசர அவசரமாக ஒரு வேலை செய்தனர். வழக்கை முடிவு சொல்லாமல் இழுத்தடித்துவிட்டு, கறுப்பருக்கென்று ஒரு சிறு கட்டடம் கட்டி, பழைய நூல்களைக் கொண்டுபோய் நிரப்பி, 1940-இல் திறந்தனர். டக்கருக்கு அதன் உறுப்பினர் அட்டை தர முன்வந்தனர். நான் கேட்டது அந்த நூலகத்துக்கான அட்டை, இதற்கானது அன்று. இதை இன்றும் ஏற்கேன், என்றும் ஏற்கேன் என்று எழுதிவிட்டார் டக்கர்.

புளூ ஏற்றார், டக்கர் மறுத்தார். எவர் செய்தது சரி? பலநாள் இதை எண்ணியதுண்டு. டக்கரின் மறுப்பைப் பிடிவாதம் என்று சொல்ல நா எழவில்லை. அந்த மறுப்பு இல்லையேல் சுவர் நிலைத்து நின்றிருக்கும். புளூவை அடங்கிப் போனவர் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. 1905-இல் லூயிவில்லில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான் என்று கொள்ளுங்கள். மாண்ட்கமரியில் தீர்ப்பு வந்த 1962-இல் அவன் 67 வயதுக் கிழவன். அவன் கையில் ஏட்டைக் கொடுத்தது தீர்ப்பு அல்ல, ஹாரிஸ் அம்மையார். அலெக்சாந்திரியாவிலும் அந்தச் சிறு நூலகத்துக்குக் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் சென்றார்கள், படித்தார்கள். டக்கர் தமக்குத்தான் அட்டை வேண்டாம் என்றார். வளர்ந்தவர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். குழந்தைக்கு அந்த வலிமையைச் சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

அதே 1939-இல், வடக்கே, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வேறொரு சிக்கலை ஒரு பெண்மணி எதிர்கொண்டார். அங்கே கதவு திறந்திருந்தது. 135-ஆம் தெருக் கிளை நூலகத்தில் கறுப்பர் பிள்ளைகள் தாராளமாக நுழையலாம். 1921-லேயே அங்கே பூரா பெல்பிரே என்னும் பியூர்டோ ரிக்கோ பெண்மணி பணியில் சேர்ந்து, பாட்டி சொன்ன கதைகளை ஸ்பானிய மொழியிலேயே, பொம்மலாட்டத்தோடு, பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கத்தை வளர்த்தார். அச்சில் வந்த கதையைத்தான் கதைநேரத்தில் சொல்லலாம் என்பது நூலக விதி. பெல்பிரேயின் கதைகளோ அச்சேறாதவை. அவருக்கு மட்டும் விதி தளர்ந்தது. தாய்மொழியில் கதை கேட்க நூலகத்துக்கு வரலாம் என்று அறிந்த தாய்மார்களும் பிள்ளைகளோடு வந்தனர்.

அந்தக் கிளையில் 1937-இல் சிறுவர் நூலகராக வந்தவர் அகஸ்டா பேக்கர். கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே அடுக்கில் இருக்கும் ஏட்டில் கறுப்பர் பிள்ளை தன் முகத்தை எப்படிப் பார்க்கிறது என்று அவர் ஆராய்ந்தார். தடித்த உதடு, பிதுங்கிய விழி, கொச்சை மொழி, கோமாளி வேடம்! இப்படிப்பட்ட ஏடுகளில் பெயர்பெற்ற ஒன்றுக்கு நம் மண்ணோடு தொடர்பு உண்டு என்றால் வியப்பீர்கள். 'லிட்டில் பிளாக் சாம்போ' என்பது அதன் பெயர். எழுதியவர் ஹெலன் பேனர்மேன். இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளை மருத்துவர் ஒருவரின் மனைவி. கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் இரயில் பயணத்தில், 1898-இல், தம் பெண்மக்களுக்காக எழுதிய கதை. மறு ஆண்டு இலண்டனில் அச்சேறியது. அதில் புலிகள் உருகி நெய்யாகும்! நெய் என்ற நம் சமையற்கட்டுப் பொருளே கதையில் வருகிறது. அமெரிக்காவுக்குப் போனதும் அந்தக் கறுத்த சிறுவன் கறுப்பர் குலத்தைக் கேலி செய்யும் பொம்மையானான். பதிப்புக்குப் பதிப்பு படங்கள் மேலும் கோரமாயின. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதைக் கண்டித்தார். வெள்ளைப் பிள்ளைக்கு வேடிக்கை; கறுப்பர் பிள்ளைக்குக் காயம்.

பேக்கர் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. கறுப்பரை மனிதராகக் காட்டும் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்து, கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் பெயரால் தனித் தொகுப்பு அமைத்தார். நூல்கள் போதவில்லை என்று கண்டு, பதிப்பாளர்களிடம் எழுதியும் பேசியும், இன்னின்ன வேண்டும், இன்னின்ன கூடாது என்று வற்புறுத்தினார். பட்டியலும் வெளியிட்டார். ஆன் கரோல் மூர் ஒருகாலத்தில் வகித்த பொறுப்பு, 1961-இல் அகஸ்டா பேக்கரிடம் வந்தது. நியூயார்க் நகரத்துச் சிறுவர் நூலகப் பணி அனைத்துக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி தலைவர்! ஹார்லத்தின் அந்த நூலகத்தில் ஏடுகளை விழுங்கித் தீர்த்த சிறுவர்களில் ஒருவன், பிற்காலத்து எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின்.

தெற்கே சுவர் இன்னும் நின்றது. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் விடுமுறைக்கு வீடு வந்தான். பாடத்துக்கு ஒரு நூல் தேவை, கறுப்பர் கிளையில் இல்லை, பெரிய நூலகத்துக்குச் சென்றான், விரட்டப்பட்டான். 1960 ஜூலை 16-இல் அவனும் மற்றும் ஏழு மாணவர்களும் அந்த நூலகத்துக்குள் சென்று அமர்ந்தனர், கைதாயினர். வழக்கு வந்தது. நகரத்தார் என்ன செய்தனர்? செப்டம்பர் 2-இல் நூலகத்தையே இழுத்து மூடினர், வெள்ளையர்க்கும் சேர்த்து! பள்ளி திறக்கும் பருவம். பிள்ளைகளுக்கு நூல் தேவை. வெள்ளைப் பெற்றோரும் முணுமுணுத்தனர். 19-ஆம் நாள் கதவு மீண்டும் திறந்தது, எல்லோருக்கும். விரட்டப்பட்ட அந்த மாணவனின் பெயர் ஜெசி ஜாக்சன். 1984-இலும் 1988-இலும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தன் கட்சியின் வேட்பாளராக நிற்க முயன்றவர். 1961 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பது பேர் அமர்ந்தனர். அவர்களும் சிறை சென்றனர். அடுத்த ஆண்டு மாண்ட்கமரி. அங்கேதான் நாற்காலிகளை எடுத்தார்கள்.

லூயிவில்லில் புளூ நடத்திய அந்தக் கிளை இன்னும் இருக்கிறது. 2001-இல் பணமில்லாமல் அது மூடப்படும் நிலை வந்தபோது, புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் 12,000 டாலர் அனுப்பினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் சொன்னார். அவர் மறைந்த பிறகு, 2016-இல்தான், செய்தி வெளியே வந்தது.

கடைசியாக ஒரு சிறுவன். 1959, தென் கரோலினாவின் லேக் சிட்டி என்னும் சிற்றூர், ரொனால்ட் மெக்நேர், வயது ஒன்பது. வானமும் அறிவியலும் அவனுக்கு உயிர். தனியே நடந்து ஊர் நூலகத்துக்குச் சென்றான். ஏடுகளைத் தேர்ந்தெடுத்து, வரிசையில் நின்று, மேசைமேல் வைத்தான். கறுப்பருக்கு நூல் தருவதில்லை என்றார் நூலகத்து அம்மையார். போ என்றார். போகவில்லை. காவலரை அழைப்பேன் என்றார். நான் காத்திருக்கிறேன் என்றான். எடுத்துச் செல்ல நாற்காலி ஒன்றும் இல்லை அங்கே. ஏட்டைப் பதியும் மேசைமேலேயே ஏறி, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கொண்டான். இதைச் சொன்னவர் அவனுடைய அண்ணன் கார்ல்.

காவலர் வந்தனர், ஆர்ப்பாட்டம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், மேசைமேல் ஓர் ஒன்பது வயதுச் சிறுவனைக் கண்டனர். தாயும் ஓடிவந்தார். இந்த நூல்களைக் கொடுத்துவிட்டால் என்ன என்று காவலரே கேட்டார். கொடுத்தார்கள். நன்றி சொல்லடா என்றார் தாய். நன்றி அம்மா என்றான் மகன்.

அவன் 1976-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலில் பண்டாரகர் பட்டம் பெற்றான். 1984-இல் விண்வெளியில் பறந்தான். அங்கே சாக்சஃபோனும் வாசித்தான். 1986 சனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது மாண்ட எழுவரில் ஒருவன். அப்போது வயது 35. லேக் சிட்டியின் அந்தப் பழைய நூலகக் கட்டடத்தை 2011-இல் அவன் பெயரில் நினைவகமாக்கினார்கள்.